நகரி, புத்தூர், திருத்தணி நண்பர்களே: மருந்தாய்வுப் படிவம் ஒன்றைப் படித்துச் சொல்ல முடியுமா?

நகரியில் இருக்கும் என் மாமா நூற்பாலையில் பல வருடங்கள் பஞ்சு சிக்கெடுக்கும் பிரிவில் இருந்தவர், இப்போது விசைத்தறி. மாடி ஏறினால் பாதியில் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுகிறார். உதட்டைக் குவித்து மூச்சை ஊதிவிட்ட பிறகுதான் அடுத்த படி. சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழல் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி, புதிய இன்ஹேலருக்கான மருந்தாய்வில் சேர ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். முழுக்கத் தெலுங்கு. மாமா தெலுங்கு சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது விதி. தமிழ்ப் படிவம் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

ஆய்வுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் நோய் எது என்பதிலேயே எனக்குச் சந்தேகம். சி.ஓ.பி.டி. என்று உறுதிசெய்ய, மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சளவுச் சோதனையில் ஊதவைத்து, முதல் நொடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் 0.70 பங்குக்குக் குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாமாவை மருந்துக்கு முன்பு மட்டுமே ஊதச் சொன்னார்கள். அதோடு, ஞாயிறு விடுமுறை முடிந்து திங்களன்று வேலைக்குப் போனால்தான் அவருக்கு நெஞ்சு அதிகம் இறுகுகிறது. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயின் அடையாளம் அது. அவர் செய்த வேலையைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

தெலுங்கும் தமிழும் படிப்பவர் யாராவது உதவுங்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகளில் உண்டு. அந்தப் பகுதியை முதலில் பார்க்க வேண்டும். சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருந்தாய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைச் சரிபார்க்கத் தெரிந்தவர்களும், தொழில்சார் நுரையீரல் நோய் பார்க்கும் மருத்துவரை அறிந்தவர்களும் சொல்லுங்கள். வியாழக்கிழமை கையெழுத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.