ரத்து செய்பவன் ஏன் ரெண்டு லாட்டாக ரத்து செய்கிறான்?

ஆங்கிலத்தில் எழுதும்போது வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் அப், ஆஃப், அவுட் போன்ற பொடிச் சொற்களால் பட்ட பாட்டை இங்கே எல்லோரும் சொல்லலாம். முதல் அடி வாங்கியவன் என்ற முறையில் நானே தொடங்குகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவரின் ஆர்டரை முதலிலிருந்து கடைசி வரை கவனித்துக்கொள்பவனாக, சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இங்கிலாந்து பையர் ஒருவர் 24,000 போலோ டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். முதல் 8,000 பீஸ் தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிட்டது. அடுத்த வாரம் அவரிடமிருந்து மெயில். மீதி 16,000 பீஸை அக்டோபரிலிருந்து இரண்டு லாட்டாக ‘கால் ஆஃப்’ செய்வோம் என்று ஒரு வரி. கால் ஆஃப் என்றால் ரத்து, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. மழையால் மேட்ச் கால் ஆஃப், பேச்சுவார்த்தைக்குப் பின் ஸ்ட்ரைக் கால் ஆஃப். படித்த உடனே என் கால்தான் ஆஃப் ஆனது.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நூல்காரருக்குப் போன் போட்டு அடுத்த லோடை நிறுத்தச் சொன்னார். சாயம் போட டையிங்குக்குப் போக வேண்டிய துணி, அதைப் பின்னிய நிட்டிங்கிலேயே கட்டிக் கிடந்தது. மூன்றாம் நாள், எங்கள் கம்பெனியில் கணக்கு பார்க்கும் பெரியவர் அந்த மெயிலைப் படித்துக் காட்டச் சொன்னார். எட்டாம் வகுப்புதான் படித்தவர். கேட்டு முடித்துவிட்டு, “ஏங் கண்ணு, ரத்து பண்றவன் எதுக்கு ரெண்டு லாட்டா ரத்து பண்றான்? ஒரேயடியா வேண்டாம்னு சொல்லிட்டுப் போகலாமல்ல?” என்றார்.

பையருக்கு மெயில் போட்டேன், பதில் போனில் வந்தது. மனிதர் பதறிப்போயிருந்தார். அவர்கள் ஊர் வியாபாரத்தில் மொத்தத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு, தேவைப்படும்போது அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கைக் கேட்டு வாங்குவதற்கும் கால் ஆஃப் என்றுதான் பெயராம். வேண்டாம் என்பதற்கும் அனுப்பு என்பதற்கும் ஒரே சொல்! டையிங்கில் எங்கள் முறை தவறிப்போய், மறுபடி இடம் கிடைக்க ஒரு வாரம் ஆனது. முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்றிலிருந்து பணமும் தேதியும் வரும் இடத்தில் இந்த வால் வைத்த வினைகளை எழுதுவதே இல்லை. ரத்து என்றால் கேன்சல், தள்ளிப்போடுவது என்றால் போஸ்ட்போன். ‘மூவ் ஃபார்வர்ட்’ என்று யாராவது எழுதினால் தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். புதன்கிழமை மீட்டிங்கை இரண்டு நாள் மூவ் ஃபார்வர்ட் செய்தால் அது திங்களா வெள்ளியா என்பதில் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இரண்டு கட்சி.

* * *

அண்ணா, நான் நர்ஸ். இங்கிலாந்து வந்து ஆறு வருடம் ஆகிறது. வந்த புதிதில் ஒரு நைட் டியூட்டி. முட்டி ஆபரேஷன் முடிந்த ஒரு தாத்தாவுக்கு, முதுகில் போட்ட மயக்க ஊசியின் வேகம் குறைந்து வலி தெரிய ஆரம்பித்திருந்தது. நோட்ஸில் ‘வோர்ன் அவுட்’ என்று எழுதினேன். காலையில் வார்டு சிஸ்டர் படித்துவிட்டுச் சிரித்தார். மருந்தின் வேகம் குறைந்தால் ‘வோர்ன் ஆஃப்’, தேய்ந்துபோன செருப்பும் நைட் டியூட்டி முடிந்த நர்ஸும்தான் ‘வோர்ன் அவுட்’ என்றார். நான் அப்போது அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கும் முன்னால், வேலைக்கு அனுப்பிய பயோடேட்டாவில் 2012இல் நர்சிங் காலேஜிலிருந்து ‘பாஸ்டு அவுட்’ என்று எழுதியிருந்தேன். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறோம். இங்கே பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. இத்தனைக்கும் இவர்கள் ராணுவத்தில் பயிற்சி முடித்து வெளியே வரும் அணிவகுப்புக்குப் பாஸிங் அவுட் பரேட் என்றுதான் பெயர், ஆனால் காலேஜுக்கு அந்தச் சலுகை கிடையாது. கிராஜுவேட்டட் என்று எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. இதற்கே நான் ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சை எழுதித்தான் வந்தேன். அதில் 45 நிமிடத்தில் ஒரு மருத்துவக் கடிதம் எழுத வேண்டும். அதெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதினேன். வார்டில் அவசரமாகக் கிறுக்கும்போதுதான் ஊர்ப் பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

* * *

அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் உலகமே ‘புட் அப்’ என்ற இரண்டு சொல்லில் ஓடியது. அதிகாரி கோப்பின் ஓரத்தில் ‘புட் அப்’ என்று எழுதினால், அதை ஆணைக்காக அவர் முன் வைக்க வேண்டும் என்று பொருள். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதற்கும் நாங்கள் ‘புட் அப்’ தான்.

மகன் லீட்ஸில் இருக்கிறான். அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் மனைவியும் தினமும் காலை ஆறு மணிக்கு மிக்ஸியை ஓட்டிவிட்டோம் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மையார் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார், சத்தம் தாங்கவில்லை என்று. மகன் ஆபீஸ் போய்விட்டான். சரி, நாமே மரியாதையாகப் பதில் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். புகாரை மகனிடம் தெரிவித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்து, ‘ஐ ஹாவ் புட் அப் வித் யுவர் கம்ப்ளெய்ன்ட்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுப் போய் ஒட்டினேன். உங்கள் புகாரை இத்தனை நாள் சகித்துக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தமாம். சாயங்காலம் மகன் அதைப் பிய்த்துக்கொண்டு வந்தான். மறுநாள் மைசூர்பாகோடு நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன், வாய்மொழியாக.

* * *

நான் பதினோரு வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். திருப்பூர் நண்பர் சொல்லும் வைத்தியம், அதாவது ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொள்வது, எல்லா இடத்திலும் பலிக்காது. அகராதியில் கிவ் அப் என்பதற்கு நேராக சரண்டர் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, என் மாணவன் ஒருவன் தன் அப்பா சிகரெட்டை ‘சரண்டர்’ செய்துவிட்டதாகக் கட்டுரை எழுதினான். இன்னொரு பெண் மின்விசிறியை ‘எக்ஸ்டிங்குயிஷ்’ செய்தாள். நெருப்பைத்தான் அப்படி அணைப்பார்கள், விசிறிக்கு டர்ன் ஆஃப் போதும்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. எழுதி வை, எழுதிக் கொடு, எழுதிக்கொள், எழுதித் தள்ளு, எழுதித் தொலை. தள்ளு என்றால் யாரும் எதையும் தள்ளுவதில்லை, தொலை என்றால் எதுவும் தொலைவதில்லை, இருந்தும் நாலு வயதுக் குழந்தைக்கு வித்தியாசம் தெரியும். புட் ஆஃப் என்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல்லையே பாருங்கள்: தள்ளிப்போடு. அதிலும் கையால் போடுவது எதுவும் இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். சாமுவேல் ஜான்சனே 1755இல் தம் அகராதியின் முன்னுரையில், வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய சிரமம் இதுதான் என்று எழுதியிருக்கிறார் என்பதையும் சொல்வேன். அதற்கு அவ்வளவாக வெளிச்சம் வராது.

தாளில் நான் அதிகம் சுழிப்பது ‘கோப் அப் வித்’. அப்படி ஒன்று கிடையாது, கோப் வித் மட்டும்தான். கீப் அப் வித், கேட்ச் அப் வித் எல்லாம் அப்போடு வருவதால் இதற்கும் ஒரு அப்பை ஒட்டிவிடுகிறோம். அப்புறம் ‘லுக் ஃபார்வர்ட் டு ஹியர்’. அங்கே ஹியரிங் என்றுதான் வர வேண்டும். அது, இது என்று சுட்டும் இட் வந்தால் அது நடுவில் உட்காரும், டர்ன் இட் ஆஃப் என்று. ஆனால் லுக் ஆஃப்டர் போன்றவற்றைப் பிரிக்க முடியாது, இட் கடைசியில்தான். விண்ணப்பப் படிவத்தை ஃபில் இன் செய்ய வேண்டும், ஃபில் அவுட் என்றாலும் சரி. ஃபில் அப் செய்வது பெட்ரோல் டேங்கை. தமிழில் இரண்டையும் நிரப்புவதால் வரும் வினை இது.

* * *

டீச்சர் சொன்ன சரண்டர் கதையை எங்கள் பெரியவரிடம் சொன்னேன், ரசித்துச் சிரித்தார்.

இன்று காலையும் அதே பையரிடமிருந்து ஒரு மெயில். புது லேபிள் வரும் வரை பேக்கிங்கை ‘ஹோல்ட் ஆஃப்’ செய்யச் சொல்லியிருந்தார். எனக்கு அர்த்தம் தெரியும். நிறுத்தி வைக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு வரியில் கேட்டேன்: காத்திருக்கச் சொல்கிறீர்களா? ‘யெஸ்’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. பேக்கிங் மேசைப் பெண்கள் இப்போது டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.