பட்டை உரித்தல்: ஒரே சொல் போதுமா?

வணக்கம் நண்பர்களே,

புரூனஸ் ஆப்பிரிக்கானா பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆப்பிரிக்க மலைக்காடுகளின் பசுமைமாறா மரம். ஆப்பிரிக்கச் செர்ரி என்றும் பெயர் உண்டு. வாயூற வேண்டாம், பழம் ஒரே கசப்பு. பறவையும் குரங்கும்தான் தின்னும். மனிதர்கள் தேடிப்போவது பட்டையை. வயதான ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் வீக்கத்துக்கு அதன் சாற்றை ஐரோப்பாவில் மருந்தாக விற்கிறார்கள்.

கேமரூனில் பட்டை எடுக்க ஒரு முறை இருக்கிறது. அடிமரச் சுற்றளவை நான்காக வகுத்து, எதிரெதிரே உள்ள இரண்டு பங்கை மட்டும் உரிப்பார்கள். அங்கே பட்டை திரும்ப வளர்ந்த பிறகு, சில ஆண்டுகள் கழித்து, மற்ற இரண்டு. அவசரக்காரர்கள் சுற்றிலும் உரித்துவிட, மரம் பட்டுப்போகிறது. பட்டைக்காக இப்படி மரங்கள் அழிந்ததால்தான் 1995 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இது இருக்கிறது.

என் வரைவில் இரண்டுக்குமே ‘பட்டை உரித்தல்’ என்று எழுதிவிட்டேன். எது அறுவடை, எது அழிப்பு என்று படிப்பவருக்குத் தெரியாது. சுற்றிலும் உரிப்பதை ‘வளையுரிப்பு’ எனலாமா? விண்பதியன் போடும்போது, அதாவது கிளையை மரத்திலேயே வேர்விடச் செய்யும்போது, கிளையில் செய்வதும் அதுதானே. மற்றதற்கு ‘எதிர்க்கால் உரிப்பு’ என்று யோசித்தேன்.

*

ஐயா, வளையுரிப்பு நன்றாக இருக்கிறது. எங்கள் இலங்கைப் பாடநூல்களில் புளோயத்துக்கு ‘உரியம்’ என்று பெயர். இலையில் உண்டான உணவை வேருக்குக் கொண்டுபோவது அதுதான். பட்டையோடு அதுவும் வந்துவிடுவதால்தான் மரம் சாகிறது. உரியம் போனால் உயிர் போகும் என்று மாணவருக்கு எளிதில் சொல்லிவிடலாம்.

‘எதிர்க்கால்’ மட்டும் வேண்டாம். எதிரியின் காலை உரிப்பது போல இருக்கிறது! ‘பாதியுரிப்பு’ என்றால் என்ன?

*

அம்மா, சிரித்துவிட்டேன். ஆனால் பாதியுரிப்பு என்றால் வேலையைப் பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது. ஒரே பக்கம் முழுக்க உரித்ததாகவும் நினைப்பார்கள். ‘மாற்றுரிப்பு’? பக்கம் மாற்றி, முறை மாற்றி எடுப்பது இரண்டும் அதில் வந்துவிடுகிறது.

அப்புறம், தென்னாப்பிரிக்காவில் இந்த மரத்தை ‘ரெட் ஸ்டிங்க்வுட்’ (சிவந்த, நாறும் மரம்) என்பதைப் பார்த்து ‘செந்நாறி மரம்’ என்று முன்பு ஒருவர் சொன்னார். நாறுதல் ஒரு காலத்தில் மணத்தலும்தான். இன்று எடுபடாது, செர்ரியே இருக்கட்டும்.