மறு: அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதியின் பழைய நிலப்படங்களில் வரும் 'ஹாலோ'வுக்கு (hollow) தமிழில் என்ன?

எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்புப் பாடத்தாள் அச்சுக்குப் போகிறது, அதனால் நேராகவே எழுதுகிறேன். பள்ளத்தாக்கு போதுமே என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். போதாது. கிழக்கு டென்னசிப் படத்தில் பவல் பள்ளத்தாக்கு என்று ஒன்று தனியாகவே கிடக்கிறது. ஹாலோ அதைவிடச் சின்னது, இரண்டு முகடுகளுக்கு நடுவே ஒடுங்கி, மேல்முனையை மலையே அடைத்துக்கொண்ட இடம். அடியில் ஓர் ஓடை, ஓடையை ஒட்டி ஒரே பாதை, பாதையோரம் வீடுகள், மேட்டில் குடும்ப இடுகாடு. அந்த ஊர்க்காரர்கள் 'ஹாலர்' என்பார்கள். பலவற்றுக்கு அங்கே குடியிருந்த குடும்பத்தின் பெயர்தான்.

> சங்கப் பாடல்களிலேயே விடர் இருக்கிறதே?

இருக்கிறது ஐயா. ஆனால் அது பாறைப் பிளவு, புலி கிடக்கும் இடம். விடன் (காமுகன்) என்பதன் பன்மையும் விடர்தான், எட்டாம் வகுப்புக்கு அதை எப்படிக் கொடுப்பது?

> கொடைக்கானலில் வெள்ளகெவி என்று ஊரே இருக்கும்போது கெவியை ஏன் விட வேண்டும்?

எனக்கும் ஆசைதான். கன்னடத்தில் கவி என்றால் குகை, பெங்களூர் கவி கங்காதரேசுவரர் கோயில் குகைக் கோயில். தமிழ் விவிலியத்தில் தானியேலைப் போட்டது சிங்கங்களின் கெபியில். மூன்றும் ஒரே வேர் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வேரைப் பிடித்துக்கொண்டு போனால் குகைக்குள்தான் போய் நிற்கிறோம், ஹாலோவோ மேலே வானம் திறந்த இடம்.

நான் சொன்னது மலையிடுக்கு. கேட்டதும் புரியும். "இடுக்கில் பல்லிதான் இருக்கும், மனுஷன் இருப்பானா?" என்று அம்மா கேட்டது நியாயம், இரண்டு நாளாக அதுதான் மனதைக் குடைகிறது. ஏனென்றால் பாடமே குடியிருந்தவர்களைப் பற்றியது. 1936இல் அதே கிழக்கு டென்னசியில் நாரிஸ் அணை முடிந்து, கிளிஞ்ச் ஆறும் பவல் ஆறும் தேங்கி, லாய்ஸ்டன் என்ற சிற்றூர் தண்ணீருக்கடியில் போனது. முந்தைய படத்தில் வீடுகள் கறுப்புப் புள்ளிகள், பிந்தைய படத்தில் அதே இடம் வெறும் நீலம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளையிடம் 'இடுக்கு மூழ்கியது' என்றால் அதற்கு என்ன தைக்கும்?

இதுவரை மலையிடுக்குக்கு ஐந்து பேர், கெவிக்கு இரண்டு பேர். படத்தில் வரும் இன்னொரு சொல்லான 'கேப்' (gap) கணவாய்தான், அதில் யாருக்கும் மறுப்பில்லை. சரி, இப்போதைக்கு மலையிடுக்கு என்றே கொடுக்கிறேன், முதல் முறை வரும்போது ஹாலர் என்ற ஊர்வழக்கையும் சேர்த்து. வீடு வாசல் தெரிகிற சொல் ஒன்று வியாழன் இரவுக்குள் யாருக்காவது அகப்பட்டால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.