'டெப்த் ஆஃப் ஃபீல்ட்': ஒரு தமிழ்ச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

கும்பகோணத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு டெல்டாவைச் சுற்றும் எங்கள் சிறு குழு, கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு புகைப்படக் கையேடு போடுகிறது. கோவில், வயல்வெளி, பறவை ஆகியவற்றை எடுக்கப் பழக்கும் கையேடு. வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மற்ற சொற்கள் எல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டன. 'டெப்த் ஆஃப் ஃபீல்ட்' மட்டும் நிற்கிறது.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். லென்ஸை ஓரிடத்தில் குவித்தால், அதற்குக் கொஞ்சம் முன்னாலும் கொஞ்சம் பின்னாலும் உள்ளவையும் படத்தில் தெளிவாகவே விழும். அந்த முன்பின் இடைவெளிக்குத்தான் பெயர் வேண்டும். தாராசுரத்தில் ராஜகம்பீரன் மண்டபத்துக் கல் சக்கரத்தை முன்னே வைத்து, பின்னால் விமானமும் தெளிவாக விழ வேண்டும் என்றால், முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், துளை அளவு எஃப் 8 வைத்து, சுமார் இரண்டரை மீட்டர் தள்ளிக் குவித்தால் போதும். ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைத்துவிடும். அதே கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டு, எஃப் 5.6 வைத்து, 10 மீட்டர் தள்ளி நிற்கும் நாரையைக் குவித்தால் கிடைப்பது ஒரு சாண்தான். கண்ணில் குவித்தால் வால் கலங்கிவிடும். அடிவானம் வரை போவதும் ஒரு சாணில் முடிவதும் ஒரே சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

'புல ஆழம்' என்று எழுதி வகுப்பில் சொல்லிப் பார்த்தோம். பாபநாசம் பக்கத்து மாணவர் ஒருவர், "உழவு ஆழமா சார்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பட்டாவில் புல எண், நில அளவையில் புலப்படம். அவர் வீட்டில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. என்ன செய்யலாம்?

தஞ்சாவூரிலிருந்து:

வணக்கம். ஒரு மாணவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதற்காக நல்ல சொல்லைக் கைவிடுவதா? காந்தப்புலம், மின்புலம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டுத்தானே வருகிறார்கள்? அங்கே யாரும் வயலை நினைப்பதில்லை. புலம் என்பது வெறும் நிலம் அன்று. 'தென்புலத்தார்' என்று தொடங்கும் 43-ஆம் குறளிலேயே முதலில் திசையாக வருகிறது, அடுத்த அடியில் 'ஐம்புலத்தாறு' என்று வேறு பொருளில் வருகிறது. புலன், புலப்படு, புலர், புலமை எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. இருள் புலர்ந்தால்தான் பொருள் புலப்படும். ஒளியை வைத்துப் படம் பிடிக்கும் கலைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எங்கே கிடைக்கும்?

ஆனால் 'புல ஆழம்' என்று பிரித்து எழுதுவதை ஏற்க மாட்டேன். மகர ஈறு கெட்டு வகர உடம்படுமெய் வர வேண்டும். மரம் + அடி 'மரவடி' ஆவது போல இது 'புலவாழம்'. அப்புறம், கையேட்டின் தலைப்பில் 'புகைப்படம்' என்று இருக்கிறது. புகை எங்கே வந்தது? 'ஒளிப்படம்' என்று மாற்றுங்கள். 1911-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றிய ஊர்க்காரன் கேட்கிறேன், தட்ட வேண்டாம்.

மன்னார்குடியிலிருந்து:

ஐயா, வணக்கம். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன் நான். எங்கள் தொழிலில் எல்லோரும் 'டெப்த்' என்றுதான் சொல்கிறோம். 'டெப்த் கம்மியா வை', 'பின்னாடி அவுட் பண்ணு'. முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் இது விளங்கும். 'புலவாழம்' என்று சொன்னால் புலவர் யாரோ வந்திருக்கிறார் என்று நினைப்பான். கேமரா, லென்ஸ் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டீர்கள். இதை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்? தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. மாணவன் கையேட்டை மூடிவிட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

தஞ்சாவூரிலிருந்து:

கேமராவையும் லென்ஸையும் நான் வைத்துக்கொள்ளவில்லை தம்பி. படப்பெட்டி, வில்லை என்றே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பாடநூல்களில் வில்லைதான். உங்கள் 'குவியத் தொலைவு' எங்களுக்குக் குவியத் தூரம். அந்த வழியிலேயே 'தெளிதூரம்' எனலாம். தெளிகின்ற தூரம், வினைத்தொகை, வல்லினம் மிகாது. சொல்லவும் எளிது.

மயிலாடுதுறையிலிருந்து:

பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். சொல்லுக்குப் போகும் முன் பொருளைப் பார்த்துவிடலாம்.

லென்ஸ் உண்மையில் ஒரே ஒரு தளத்தைத்தான் கூர்மையாகக் குவிக்கிறது. அந்தத் தளத்துக்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் படத்தில் சிறு வட்டமாகப் பரவுகிறது. வட்டம் மிகச் சிறியதாக இருக்கும்வரை நம் கண் அதைப் புள்ளி என்றே எடுத்துக்கொள்ளும். அதுவரைக்கும் தெளிவு என்கிறோம். துளையைச் சுருக்கினால் வட்டமும் சுருங்கும், ஆகவே இடைவெளி கூடும். பொருள் கிட்டே வந்தாலோ நீண்ட லென்ஸ் போட்டாலோ இடைவெளி குறையும். போனில் பார்த்தபோது முழுக்கத் தெளிவாக இருந்த படத்தைக் கண்காட்சிக்குப் பெரிதாக அச்சிட்டுக் கிட்டே நின்று பார்த்தால் ஓரங்கள் கலங்கித் தெரிவது இதனால்தான். வட்டமும் சேர்ந்து பெரிதாகிவிடுகிறது.

ஆகவே இந்த இடைவெளி வெளியே நிலத்தில் கோடு போட்டுக் கிடப்பதில்லை. பார்க்கிற கண் எதைத் தெளிவு என்று ஏற்கிறதோ அதைப் பொறுத்தது. அதனால் 'புலம்' எனக்கு ஒப்பவில்லை. 'தெளிவு' சொல்லுக்குள் வந்தே ஆக வேண்டும்.

'தெளிதூரம்' அழகாக இருக்கிறது. ஆனால் தூரம் என்றதும் கேமராவிலிருந்து அளக்கும் தூரம் என்றே மாணவர் நினைப்பார். நமக்கு வேண்டியது கிட்ட எல்லைக்கும் எட்ட எல்லைக்கும் நடுவில் உள்ளது. புள்ளியியல் பாடத்தில் மிகப் பெரிய மதிப்பிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் வருவதை 'வீச்சு' என்கிறோம். இங்கேயும் கணக்கு அதேதான். 'தெளிவு வீச்சு' என்று வைக்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து:

'தூரம்' வடசொல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. தொலைவு என்றால் எனக்கு மறுப்பில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து:

'தெளிதொலைவு' என்றால் இங்கே மருந்து தெளிக்கிற தூரம் என்பார்கள். 'வீச்சு' என்றால் வலை, இல்லாவிட்டால் மீன் வீச்சம். கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது.

திருவாரூரிலிருந்து:

'தெளிவாழம்' என்று ஏன் வைக்கக் கூடாது? தெளிவு + ஆழம். தெளிவு முற்றியலுகரம் ஆயிற்றே, எப்படிக் கெடும் என்று தஞ்சை ஐயா கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: நன்னூல் 164-ஆம் நூற்பா 'முற்றும் அற்று ஒரோவழி', அதாவது முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படிக் கெடும் என்று இடம் கொடுக்கிறது. கதவு + அழகு 'கதவழகு' ஆகும்போது இதற்கென்ன?

ஆழம் கீழ்நோக்கித்தானே போகும் என்று யாராவது சொல்லலாம். கிணற்றுக்கு அப்படி. ஆனால் கருத்தாழம் எந்தப் பக்கம் போகிறது? ஆழ்ந்து பார்த்தல் என்கிறோம், அந்தப் பார்வை உள்நோக்கிப் போகிறது. படத்துக்குள்ளே நுழைந்து பின்னால் போகும் பார்வைக்கும் ஆழம் என்ற சொல் தாங்கும்.

இந்த 'ஆழ்' வேரில் எனக்கு நெடுநாள் ஆசை உண்டு. ஆழ் என்பதிலிருந்து ஆழி, அதாவது கடல். ஆழியே சக்கரமும் ஆகிறது. எங்கள் ஊர்த் தேர் ஆழித்தேர். அப்பர் தேவாரத்திலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி என்பார்கள். கடல் போன்ற தேரா, சக்கரத் தேரா என்று பெரியவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கடல் அகன்று வளைந்து கிடப்பதால் வட்டப் பொருள் முதலில் வந்து, அதிலிருந்து கடலுக்குப் போயிருக்கலாம் என்பது என் எண்ணம். வளையல், மோதிரம் எல்லாவற்றுக்கும் ஆழி வழங்குகிறது பாருங்கள். கணையாழி...

வேதாரண்யத்திலிருந்து:

திருவாரூர் ஐயா மன்னிக்க வேண்டும், கையேட்டுக்காரர் காத்திருக்கிறார்.

ஒரு விஷயம். கையேட்டின் மாதிரிப் பக்கத்தில் கோடியக்கரைப் படத்துக்குக் கீழே 'கலைமான்' என்று போட்டிருக்கிறீர்கள். இங்கே வெளிமான் என்கிறோம். பழைய பெயர் புல்வாய். 'இரலையும் கலையும் புல்வாய்க்கு உரிய' என்கிறது தொல்காப்பிய மரபியல். கலை என்பது ஆணின் பெயர். உங்கள் படத்தில் கொம்பில்லாத பழுப்பு நிறப் பெண் மான்களும் நிற்கின்றன, அவற்றையும் கலை என்றால் எப்படி? 1967-இல் இந்த இடம் சரணாலயம் ஆனதே இந்த மானுக்காகத்தான். பெயராவது சரியாக இருக்கட்டும்.

சொல்லுக்கு வருகிறேன். அந்த மந்தையை எடுக்கும்போது நாலைந்து மான் நாலைந்து தூரத்தில் நிற்கும். எதைத் தெளிவாக வைப்பது, எதைக் கலங்க விடுவது என்று அந்த நொடியில் முடிவு எடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் மாணவரிடம் காதோடு சொல்ல ஒரு சொல் வேண்டும். 'தெளிவு வீச்சு' நீளம். 'புலவாழம்' சொன்னால் திரும்பி என்னைப் பார்ப்பார், அதற்குள் மான் போய்விடும். 'தெளிவாழம்' பரவாயில்லை. டெப்த் தெரிந்தவருக்கும் 'ஆழம்' உடனே பிடிபடும்.

முத்துப்பேட்டையில் மாங்குரோவ் காட்டை அலையாத்திக் காடு என்கிறார்கள். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று கேட்டவுடனே விளங்குகிறது. செய்கிற வேலை சொல்லில் தெரிந்தால் வேருக்கு அகராதி தேட வேண்டியதில்லை.

மன்னார்குடியிலிருந்து:

சரி, அடைப்பில் ஒரு தடவை டெப்த் என்று போடுவதாக இருந்தால் எனக்குச் சம்மதம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தெளிவாழத்துக்கு மறுப்பில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

எனக்கு உண்டு. புல எண், உழவு என்று பயந்து ஒதுக்கினால் நாளைக்கு 'புலனாய்வு' என்ற சொல்லையும் வயல் அளப்பது என்பார்கள். கலைச்சொல்லைச் சொல்லித்தர வேண்டும், மாணவர் முதலில் என்ன நினைத்தார் என்பதை வைத்து ஆக்கக் கூடாது. புலம் என்ற சொல் 'பார்வைப் புலம்' என்பதிலும் வருகிறது. நாளை அதை எழுத வேண்டி வரும்போது என்ன செய்வீர்கள்? துறைச்சொற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வர வேண்டும். ஒன்றைத் தனியே பிய்த்துப் பெயர் வைத்தால் அடுத்த சொல்லில் இடிக்கும்.

கும்பகோணத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. தஞ்சை ஐயா சொல்லும் கோவை முக்கியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மயிலாடுதுறை அம்மா வட்டக் கணக்கைச் சொன்ன பிறகு 'புலம்' என்று எழுத என் கை வரவில்லை. தெளிவைத் தீர்மானிப்பது கண் என்பதை மாணவர் அந்தச் சொல்லிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தன் படம் ஏன் கலங்கியது என்று அவர் தானாகக் கண்டுபிடிக்க அது உதவும். பெரும்பாலோர் 'தெளிவாழம்' என்கிறீர்கள். அதையே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் அடைப்பில் 'டெப்த்' இருக்கும். சொல்லடைவில் 'புலவாழம்', 'தெளிவு வீச்சு' இரண்டும் மாற்றுச் சொற்களாக வரும். மான் படத்தின் கீழ் 'வெளிமான்' என்று திருத்திவிட்டேன். தலைப்பில் 'புகைப்படம்' அப்படியே இருக்கும், அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

மயிலாடுதுறையிலிருந்து:

பெரும்பான்மைக்கு மதிப்புக் கொடுக்கிறேன். என் வகுப்பில் மட்டும் வீச்சு என்றே சொல்லப் போகிறேன். கணக்குப் பாடத்தோடு ஒட்டுகிறது, கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டும்போது வேறு சொல் வாயில் வருவதில்லை. அச்சுக்குப் போகும் முன் ஒன்று: வரைபடத்தில் கிட்ட எல்லை, எட்ட எல்லை இரண்டுக்கும் பெயர் போட்டீர்களா? அண்மை எல்லை, சேய்மை எல்லை என்று இருக்கட்டும்.

தஞ்சாவூரிலிருந்து:

அண்மை, சேய்மை இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் 'எல்லை' என்றால் ஒளி, பகல், கதிரவன் என்றும் பொருள் உண்டே, அதைப் பார்த்தீர்களா? இங்கே அது குழப்புமா உதவுமா என்று நாளைக் காலை விரிவாக எழுதுகிறேன். அதுவரை அச்சகத்தை நிறுத்திவைக்க முடியுமா?

கும்பகோணத்திலிருந்து:

முடியாது ஐயா. ஆனால் எழுதுங்கள், இரண்டாம் பதிப்புக்கு வேண்டும்.