பைதானில் பிரிண்டை ராப் செய்தால் ரிகர்ஷன் எரர் வருகிறது

ஓலைச்சுவடி:
பழைய ஸ்கிரிப்ட் ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. உள்ளே திரும்பின பக்கமெல்லாம் பிரிண்ட். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் வந்தால் போதும். ஒவ்வொன்றாக மாற்றப் பொறுமை இல்லாமல், அதே பிரிண்ட் என்ற பெயரில் மேலே ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் நேரத்தைச் சேர்த்து பிரிண்டைக் கூப்பிட்டேன். ஓட்டினால் ரிகர்ஷன் எரர், அதாவது ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டுக்கொண்டே போகிறது என்ற பிழை. ஒரிஜினல் பிரிண்டை எப்படிப் பிடிப்பது? இதற்கென்றே இருக்கும் லாகிங் மாட்யூலுக்கு மாறச் சொல்லாதீர்கள், இப்போதைக்கு முடியாது.

கரையான்:
ஒரிஜினல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பைதான் ஒரு பெயரை முதலில் ஃபங்ஷனுக்குள் தேடும், அப்புறம் அதைச் சூழ்ந்த ஃபங்ஷனில், அப்புறம் மாட்யூலில், கடைசியாகத்தான் பைதானோடு கூடவே வரும் பெயர்கள் இருக்கும் பில்டின்ஸில். உங்கள் மாட்யூலிலேயே பிரிண்ட் கிடைத்துவிடுவதால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. அதனால் உள்ளே கூப்பிடுவதும் உங்கள் ஃபங்ஷனையேதான். அது தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு, வழக்கமான வரம்பான 1000 அடுக்கை எட்டியதும் பைதான் கையை விரிக்கிறது.

பில்டின்ஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து, உள்ளே அதன் பிரிண்டைக் கூப்பிடுங்கள். இது பைதான் 3-க்கு. பைதான் 2-இல் பிரிண்ட் வழக்கமாக ஃபங்ஷன் இல்லை, ஸ்டேட்மென்ட்.

ஆனால் உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. செப் (நடுவே வருவது), எண்ட் (முடிவில் வருவது), ஃபைல் (எங்கே எழுதுவது), ஃபிளஷ் (உடனே வெளியே தள்ளுவது) என்று பிரிண்டுக்குக் கொடுக்கிற கீவேர்டுகள் எல்லாவற்றையும் அப்படியே உள்ளே கடத்த வேண்டும். எண்டைக் காலியாக வைத்து ஒரே வரியில் புள்ளி புள்ளியாக அச்சிடும் இடம் இருந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே நேரம் வந்து நிற்கும். அதைவிட மோசம், ஃபைல் கொடுத்த பிரிண்ட். திரையில் ஒன்றும் தெரியாது, டேட்டாவுக்குள் நேரம் கலந்துவிடும். ஃபைல் வந்திருந்தால் எதையும் சேர்க்காமல் ஒரிஜினலுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஓலைச்சுவடி:
ஓடுகிறது, நன்றி. இம்போர்ட் செய்த மற்ற மாட்யூல்களில் மட்டும் நேரம் வரவில்லை. பில்டின்ஸில் இருக்கும் பிரிண்டையே மாற்றிவிடலாமா?

கரையான்:
மாற்றலாம், பைதான் தடுக்காது. நான் செய்ய மாட்டேன். அந்த ப்ராசஸில் ஓடும் எல்லா லைப்ரரிக்கும் உங்கள் பிரிண்ட்தான் போகும். பிறகு விசித்திரமான அவுட்புட் வந்தால், எவன் செய்த வேலை என்று தேடுபவருக்குத் துப்பே கிடைக்காது. செய்தே தீருவேன் என்றால், மாற்றும் முன் ஒரிஜினலை வேறு பெயரில் எடுத்து வைத்துக்கொண்டு அதைக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் பழையபடி அதே சுழல்தான். ராப்பரை, அதாவது நீங்கள் எழுதிய ஃபங்ஷனை, தனி மாட்யூலில் வைத்து, தேவையான ஃபைல்களில் மட்டும் ஒரு வரி இம்போர்ட் போடுவதே எனக்குப் பிடித்த வழி.

மின்மினி:
ஒரு சின்ன சேர்க்கை. இருபுறமும் இரட்டை அண்டர்ஸ்கோர் போட்ட பில்டின்ஸ் என்று ஒன்று கண்ணில் படும், அதை நம்ப வேண்டாம். நாம் வழக்கமாக ஓட்டும் பைதானான சிபைதானில், நேரடியாக ஓட்டும் ஃபைலில் அது மாட்யூல், இம்போர்ட் ஆன ஃபைலில் டிக்‌ஷனரி. டெஸ்டுக்காகத் தற்காலிகமாக மாற்ற வேண்டுமென்றால் பைதானோடு வரும் யூனிட்டெஸ்ட்டின் மாக் மாட்யூலில் பேட்ச் என்ற கருவி இருக்கிறது, முடிந்ததும் தானே பழையதைத் திருப்பி வைத்துவிடும்.

ஓலைச்சுவடி:
கரையான், ஃபைல் விஷயத்தைச் சொன்னீர்களே, இப்போதுதான் தேடிப் பார்த்தேன். இந்த ஸ்கிரிப்ட் சிஎஸ்வி டேட்டா ஃபைல் எழுதுவதும் பிரிண்ட் வழியாகத்தான்.