தவறான டேக் எண்ணைத் தந்த வட்டு: லிப்ஏடிஏ இயக்கியில் ஒரு பிழைத்திருத்த அனுபவம்

வட்டோடு பேசும் மென்பொருளான வட்டு இயக்கியின் தரத்தை அதன் வேகத்தை வைத்து மட்டும் மதிப்பிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. தரவு ஒழுங்காகப் போய்வரும் பாதையை எழுதுவது ஒப்பீட்டளவில் எளிது. வட்டு மௌனமாகிவிட்டாலோ முரணான பதிலைத் தந்தாலோ என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்யும் நிரலில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், சாட்டா என்ற இணைப்பு வழியே பொருத்தப்படும் வட்டுகளைக் கவனிக்கும் லிப்ஏடிஏ பகுதியில் பிழை கையாளுதலுக்கென்றே ஒரு பெரிய தனிக் கோப்பு இருக்கிறது. அதை வரிவரியாகப் படிக்க நேர்ந்த சம்பவத்தையே இங்கே பகிர்கிறேன்.

தரவுத்தளம் ஓடிக்கொண்டிருந்த ஒரு சேவையகத்தில், சுமை கூடும்போதெல்லாம் கோப்பு முறைமை திடீரென்று படிப்பதற்கு மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். மறுதொடக்கம் செய்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். கெர்னல் லாகில் வட்டின் இணைப்பை மீட்டமைத்ததாக வரிசையாகச் செய்திகள் இருந்தன. இத்தகைய செய்திகளைக் கண்டதும் கேபிளைச் சந்தேகிப்பது வழக்கம், அது நியாயமும்கூட. ஆனால் கேபிள் பழுதென்றால் பொதுவாக இணைப்புப் பிழைகளைக் காட்டும் பதிவகத்தில் பிட்டுகள் எழுந்திருக்கும், வட்டு தன் நலத்தைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண்ணுள்ள சிஆர்சி பிழைக் கணக்கும் (கடத்தலில் தரவு சிதைந்ததன் எண்ணிக்கை) ஏறியிருக்கும். இங்கே பதிவகம் சுழியமாக இருந்தது, அந்தக் கணக்கும் அசையவில்லை. கேபிளையும் மின் இணைப்பையும் மாற்றிப் பார்த்தபோதும் நிலைமை மாறவில்லை.

மீட்டமைப்புச் செய்திகளுக்குச் சற்று மேலே இருந்த ஒரு வரிதான் வழிகாட்டியது. வட்டின் பதிவுப் பக்கம் 10h, செயலில் இல்லாத ஒரு டேக்கைத் தெரிவித்ததாக அது சொன்னது. பல கட்டளைகளை வட்டிடம் வரிசையாக ஒப்படைக்கும் என்சிக்யூ முறையில் ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை வட்டிடம் நிலுவையில் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக் எண் உண்டு. அவற்றில் ஒன்று தோற்றால் வட்டு நிலுவையில் உள்ள அனைத்தையும் கைவிட்டுவிடும். தோற்றது எது என்பதை அறிய, இயக்கி பதினறும எண் 10 (10h) கொண்ட பதிவுப் பக்கத்தைப் படிக்கும். சரியான டேக் கிடைத்தால் அந்த ஒரு கட்டளை மட்டும் பிழையாகக் கருதப்படும், மற்றவை எந்தத் தண்டனையுமின்றி மறுபடி அனுப்பப்படும். இந்த வட்டோ, தன்னிடம் அப்போது இல்லவே இல்லாத ஒரு டேக்கைச் சுட்டியது. எது தோற்றது என்று தெரியாத நிலையில் நிலுவையில் இருந்த எல்லாக் கட்டளைகள் மீதும் பழி விழுந்தது. மறுமுயற்சிகள் தீர்ந்ததும், எழுதப்பட வேண்டிய நல்ல தரவுக்கும் பிழை என்ற பதிலே மேலே போனது. கோப்பு முறைமை தன்னைப் பூட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

இதைக் கண்டதும் வட்டின் மீது குற்றம் சாட்டிக் கெர்னலுக்குப் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 2015-இல் எஸ்எஸ்டிகளில் தரவு அழிந்த ஒரு விவகாரத்தில் முதலில் எல்லோரும் வட்டுகளையே குறைகூறினார்கள். பிறகு, பயன்படாத இடங்களை வட்டுக்குத் தெரிவிக்கும் டிரிம் கோரிக்கைகளைத் துண்டாக்கும் இடத்தில் கெர்னலிலேயே பிழை இருந்தது தெரியவந்து அங்கே திருத்தப்பட்டது. ஆகவே விரும்பும்போது நிகழ்த்திக் காட்டக்கூடிய சான்று வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்குக் கைகொடுத்தது, வட்டுக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் எச்டிபார்ம் கருவி. வட்டு அதற்கான கட்டளையை ஏற்குமானால், ஒரு குறிப்பிட்ட செக்டரை (வட்டின் சிறு சேமிப்புத் துண்டை) வேண்டுமென்றே படிக்க முடியாததாக அது ஆக்கிவிடும். தரவு எதுவும் இல்லாத சோதனை வட்டில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அந்த செக்டர் அடங்கிய பகுதியை வட்டுக்குச் சுமை தரும் எஃப்ஐஓ கருவி கொண்டு முழு வரிசை ஆழத்தில் (முடிந்த அளவு கட்டளைகள் ஒருசேர நிலுவையில் இருக்கும்படி) படிக்க வைத்து, நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் லிப்ஏடிஏயின் டிரேஸ் புள்ளிகளையும் இயக்கிவிட்டேன். எந்த டேக்கில் எந்த முகவரிக்கான கட்டளை போனது என்பது டிரேஸில் பதிவானது, பதிவுப் பக்கம் அதற்குத் தொடர்பே இல்லாத எண்ணைத் தந்தது. அதே சோதனையில் வேறு மாதிரி வட்டுகள் சரியான டேக்கைத் தந்தன. கெர்னல் தொடக்க அளவுருவால் அந்த ஒரு வட்டுக்கு மட்டும் என்சிக்யூவை நிறுத்தியபோது சிக்கல் முற்றிலும் மறைந்தது.

அடுத்த கேள்வி, திருத்தம் எவ்வளவு பரந்ததாக இருக்க வேண்டும் என்பது. முரண்டு பிடிக்கும் வட்டுகளுக்கான பட்டியல் ஒன்று லிப்ஏடிஏயில் உண்டு. அதில் மாதிரியின் பெயர், வட்டினுள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பதிப்பு, தவிர்க்க வேண்டிய வசதி ஆகியவை இடம்பெறும். மாதிரியின் பெயரை மட்டும் எழுதிவிட்டால் வேலை எளிதில் முடிந்துவிடும், ஆனால் சரியான ஃபர்ம்வேர் உள்ள வட்டுகளும் காரணமின்றி ஒரு நேரத்தில் ஒரே கட்டளை என்ற நிலைக்குத் தள்ளப்படும். சிதறிய இடங்களிலிருந்து படிக்கும் தரவுத்தளத்திற்கு அது பெரும் இழப்பு. ஒருமுறை பட்டியலில் ஏறிய வரியை நீக்க ஒருவரும் துணிய மாட்டார்கள் என்பதால், தொடக்கத்திலேயே குறுக்கி எழுதுவதுதான் பொறுப்பான செயல். தயாரிப்பாளரிடம் டிரேஸ் பதிவை அனுப்பிக் கேட்டபோது, பிந்தைய ஃபர்ம்வேரில் இது சரிசெய்யப்பட்டிருப்பதாகத் தெரிவித்தார்கள். எனவே சோதனையில் தவறிய பதிப்பை மட்டும் குறிப்பிட்டு, டிரேஸின் தொடர்புடைய வரிகளைப் பேட்ச் விளக்கத்திலேயே சேர்த்து, ஏற்கெனவே வெளியான கெர்னல்களுக்கான நிலையான கிளைகளுக்கும் எடுத்துக்கொள்ளும்படி குறியிட்டு அனுப்பினேன். அந்த வரிகள் இருந்ததால் பராமரிப்பாளர் வேறு ஆதாரம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு அதே வட்டில் புதிய ஃபர்ம்வேரை ஏற்றி, கெட்ட செக்டர் சோதனையை மீண்டும் ஓட்டினேன். என்சிக்யூ இயங்கிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு படிப்புக் கட்டளை மட்டும் பிழையோடு திரும்பியது, அதனுடன் நிலுவையில் இருந்த மற்றவை அனைத்தும் மறுபடி அனுப்பப்பட்டு நிறைவேறின.