எலக்ட்ரிக் பிக்கப் ட்ரக் தினசரி ஓட்டத்துக்கு சரிப்படுமா? ஹூஸ்டன்ல பழைய லைட்னிங் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்

கேட்டிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கத்துல கேட்டில இருக்கோம், நான், வீட்டம்மா, ரெண்டு பசங்க. ஓட்டுறது 2014 கேம்ரி, ஒரு லட்சத்து எழுபதாயிரம் மைல் தாண்டிடுச்சு, அடுத்தது ட்ரக் தான்னு மனசுல முடிவு பண்ணிட்டேன். டெக்சாஸ் வந்து பதினோரு வருஷம் ஆச்சு, எங்க தெருவுல எங்க வீட்டு வாசல்ல மட்டும் தான் ட்ரக் நிக்கல (சிரிக்காதீங்க).

இப்ப ஒரு டீலர்கிட்ட 2023 ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங், எக்ஸ்எல்டி மாடல், பெரிய பேட்டரி, 31 ஆயிரம் மைல் ஓடினது, 38 ஆயிரம் டாலர் சொல்றாங்க. டிரைவ் பண்ணி பாத்தேன், சத்தமே இல்லாம பறக்குது, பெரியவன் "அப்பா இதையே வாங்கு"ங்கறான். என் ஓட்டம் இவ்ளோ தான்: ஆபீஸ் போக 26 மைல் வர 26 மைல், சனிக்கிழமை தமிழ் ஸ்கூல், காஸ்ட்கோ, இந்தியன் ஸ்டோர், மாசத்துக்கு ஒரு தடவை பியர்லேண்ட் மீனாட்சி கோயில். வருஷத்துக்கு மூணு தடவை டல்லாஸ் பக்கம் மச்சான் வீடு, அது ஒரு 270 மைல் வரும். வசந்த காலத்துல தோட்டத்துக்கு மல்ச் (செடியடில பரப்பற மரச்சீவல்), மண் மூட்டை. ஒரு கேம்பர் (வண்டிக்கு பின்னாடி கட்டி இழுக்கற சின்ன வீடு) வாங்கி இழுத்துட்டு மேற்கு டெக்சாஸ்ல பிக் பெண்ட் பார்க் வரைக்கும் போகணும்னு ரொம்ப நாள் ஆசை, இன்னும் வாங்கல.

வீட்டம்மா கேக்கறது ஒரே கேள்வி தான். டிசம்பர் 2025ல ஃபோர்டே இந்த வண்டிய நிறுத்தறோம், அடுத்த லைட்னிங்ல பேட்டரியோட ஒரு எஞ்சின் ஜெனரேட்டரும் இருக்கும்னு சொல்லிட்டாங்க, கம்பெனியே கைவிட்டத நாம எதுக்கு தலையில கட்டிக்கணும்னு. எனக்கு பதில் தெரியல. ஓட்டறவங்க சொல்லுங்க.

புயல்ல_தப்பிச்சவன்:
நானும் ஹூஸ்டன் தான், 2022 லைட்னிங், லேரியட் (எக்ஸ்எல்டிக்கு மேல இருக்கற மாடல்), பெரிய பேட்டரி, மூணரை வருஷமா ஓட்டறேன். உங்க தினசரி ஓட்டத்துக்கு இது தாராளமா போதும், ரேஞ்ச (ஒரு சார்ஜ்ல ஓடற தூரம்) பத்தி யோசிக்கவே வேணாம். பெரிய பேட்டரி 131 யூனிட் (இங்க கிலோவாட் அவர்ங்கறது நம்ம ஊர் கரண்ட் பில்லுல வர்ற யூனிட் தான்), யூனிட்டுக்கு சுமாரா ரெண்டு மைல். நீங்க ஒரு நாளைக்கு 52 மைல்னா 26 யூனிட். வீட்ல 240 வோல்ட், 48 ஆம்ப்ஸ் சார்ஜர் போட்டா ரெண்டரை மணி நேரத்துல ஏறிடும். ஆனா சாதா 120 வோல்ட் ப்ளக்ல சமாளிச்சுடலாம்னு நினைக்காதீங்க, ராத்திரி பூரா போட்டாலும் 25 மைல் தான் ஏறும், திங்கக்கிழமை ஆரம்பிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள கடன்ல நிப்பீங்க. ஒரு எலக்ட்ரீஷியன கூட்டிட்டு வந்து உங்க பேனல்ல 60 ஆம்ப்ஸ் பிரேக்கருக்கு இடம் இருக்கான்னு பாக்கறது தான் முதல் வேலை, டீலர்கிட்ட பேரம் பேசறது எல்லாம் அதுக்கு அப்புறம்.

செலவு: எனக்கு யூனிட் 14 சென்ட், அப்ப மைலுக்கு 7 சென்ட். பழைய பெட்ரோல் ட்ரக்ல காலனுக்கு 20 மைல், காலன் 2.80னு வெச்சா மைலுக்கு 14 சென்ட். பாதிக்கு பாதி. ஆனா டெக்சாஸ்ல எலக்ட்ரிக் வண்டிக்குன்னு 2023 செப்டம்பர்ல இருந்து வருஷம் 200 டாலர் தனி ஃபீஸ் இருக்கு, அதையும் கணக்குல சேத்துக்கோங்க. டயரும் சீக்கிரம் தேயும், வண்டி வெயிட் அப்படி, எனக்கு 28 ஆயிரத்துலயே மாத்த வேண்டியதா போச்சு.

ஆனா நான் இந்த வண்டிய விக்கவே மாட்டேன், அதுக்கு காரணம் வேற. 2024 ஜூலைல பெரில் புயல் வந்தப்ப ஹூஸ்டன்ல இருபது லட்சத்துக்கு மேல கனெக்‌ஷன் கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்கும். எங்களுக்கு நாலு நாள். அந்த வெக்கைல, எழுபத்தாறு வயசு அம்மா வீட்ல. ட்ரக்க கராஜ் வாசல்ல நிறுத்தி எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஃப்ரிட்ஜ், ரெண்டு ஃபேன், ராத்திரி மட்டும் ஒரு போர்ட்டபிள் ஏசி. பக்கத்து வீட்டுக்காரர் அவர் ஃப்ரிட்ஜுக்கும் ஒரு வயர் கேட்டாரு, குடுத்தேன். நாலாவது நாள் சாயங்காலம் கரண்ட் வந்தப்ப பேட்டரில 52 சதவீதம் மிச்சம். தெருவுல ஜெனரேட்டர் வெச்சிருந்தவங்க பெட்ரோலுக்கு க்யூல நின்னுட்டு இருந்தாங்க. ஒரு எச்சரிக்கை, நீங்க பாக்கற எக்ஸ்எல்டில 2.4 கிலோவாட் அவுட்லெட் தான் சாதாரணமா வரும், 9.6 கிலோவாட் ஆப்ஷன். பின்னாடி பெட்ல (சாமான் ஏத்தற தொட்டி) 240 வோல்ட் ப்ளக் இருக்கான்னு கண்ணால பாத்துட்டு கையெழுத்து போடுங்க, டீலர் வாய் வார்த்தைய நம்பாதீங்க.

கணக்கு_வாத்தியார்:
நான் கொஞ்சம் கசப்பா சொல்றேன், கோச்சுக்காதீங்க. நீங்க எழுதினத திரும்ப படிங்க, அதுல ட்ரக் எங்க வேணும்? மல்ச் ஒண்ணு தான். வருஷத்துல மூணு நாள். அந்த மூணு நாளைக்கு ஹோம் டிப்போல வண்டிய மணிக்கணக்குல வாடகைக்கே குடுக்கறாங்க. மீதி 362 நாள் மூவாயிரம் கிலோவ சும்மா உருட்டிட்டு ஆபீஸ் போறீங்க.

ட்ரக் தான் வேணும்னா ஃபோர்ட் மேவரிக் ஹைப்ரிட் பாருங்க. சின்னது, பெட் நாலரை அடி, 1,500 பவுண்ட் ஏத்தலாம், மல்ச் மூட்டைக்கு அது எக்கச்சக்கம், சிட்டிக்குள்ள காலனுக்கு 40 மைல் பக்கம் குடுக்குது, சார்ஜர் போடற வேலையே இல்ல. எலக்ட்ரிக்ல சின்னதா வேணும்னா ஸ்லேட்னு ஒரு புது கம்பெனி 2025 ஏப்ரல்ல ஒரு ட்ரக் காமிச்சாங்க, பெயிண்ட் கிடையாது, டச் ஸ்கிரீன் கிடையாது, ஜன்னல கையால சுத்தி இறக்கணும், 150 மைல் ரேஞ்ச். எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு, ஆனா முதல் வருஷ வண்டிய நான் எந்த கம்பெனில இருந்தும் வாங்க மாட்டேன். ஃபோர்டே 2027ல 30 ஆயிரம் டாலர் பக்கம் நடுத்தர சைஸ்ல ஒண்ணு விடறோம்னு சொல்லியிருக்காங்க. 2021ல இந்த லைட்னிங்கயும் 39,974னு தான் அறிவிச்சாங்க, அப்புறம் ரெண்டே வருஷத்துல ஆரம்ப விலை எங்க போய் நின்னுச்சுன்னு பாத்தோமே, அதனால வண்டி வந்தப்புறம் விலைய பேசுவோம்.

புயல்ல_தப்பிச்சவன்:
@கணக்கு_வாத்தியார் சார், அந்த கணக்குப்படி பாத்தா இந்த ஊர்ல முக்கால்வாசி பேர் ட்ரக் வாங்கவே கூடாது 😀 தெருவுல நிக்கற பெட்ரோல் ட்ரக் எதுலயாச்சும் செங்கல் ஏத்தி பாத்திருக்கீங்களா?

கணக்கு_வாத்தியார்:
அதையே தான் நானும் சொல்றேன். அவங்களும் வாங்கக் கூடாது.

ட்ரெய்லர்_தம்பி:
ஆஸ்டின்ல இருந்து. கேம்பர் ஆசைன்னு ஒரு வரி போட்டீங்க பாருங்க, அதுக்கு தான் ஓடி வந்தேன். என்கிட்ட ஒரு எலக்ட்ரிக் ட்ரக் இருந்துச்சு, எந்த கம்பெனின்னு சொல்லல, சொன்னா அந்த கட்சிக்காரங்க சண்டைக்கு வருவாங்க. இழுக்கற சக்தில ஒரு குறையும் சொல்ல முடியாது, 5,500 பவுண்ட் கேம்பர கட்டினது கூட தெரியாம ஏத்தத்துல ஏறும், பெட்ரோல் ட்ரக்லாம் கிட்ட வராது. பிரச்சனை காத்து தான். கேம்பர்ங்கறது ஒரு செவுரு மாதிரி, அத 65 மைல் வேகத்துல தள்ளிட்டு போறதுக்கு பேட்டரி சாறு பிழிஞ்ச மாதிரி எறங்கும். 300 மைல் காட்டற வண்டி எனக்கு 110 மைல் தான் குடுத்துச்சு. இதுல நூறுல இருந்து சுழி வரைக்கும் ஓட்டவும் மாட்டீங்க, 80 சதவீதத்துல இருந்து 15 வரைக்கும் தான், அப்ப 70 மைலுக்கு ஒரு நிறுத்தம்.

அங்க போனா அடுத்த கூத்து. சார்ஜிங் ஸ்டேஷன் எல்லாம் காருக்கு கட்டினது, மூக்க உள்ள விட்டு நிறுத்தணும், பின்னாடி கேம்பர் இருந்தா வழி மறிச்சு நிக்கும். அப்ப என்ன பண்ணணும், கேம்பர கழட்டி ஓரமா போட்டு, சார்ஜ் ஏத்தி, திரும்ப கட்டி கிளம்பணும். நாப்பது டிகிரி வெயில்ல அத ஒரே நாள்ல மூணு தடவை பண்ணேன், மூணாவது தடவை பொண்டாட்டி வண்டிய விட்டு எறங்கவே இல்ல, பேசவும் இல்ல. பிக் பெண்ட் பக்கம் சார்ஜர்களுக்கு நடுவுல இடைவெளிய மேப்ல பாருங்க, அப்புறம் கேம்பர் பேச்ச எடுங்க. அடுத்த மாசமே வித்துட்டேன்.

பக்கத்துல ஏரிக்கு சின்ன போட் இழுத்துட்டு போய் வர்றது, ஃபர்னிச்சர் தூக்கறது, அதெல்லாம் சூப்பர். தூரமா இழுக்கணும்னா டீசலோ பெட்ரோலோ தான், இன்னைக்கு நெலமைல இதுக்கு வேற பதில் இல்ல. செவர்லே சில்வராடோ எலக்ட்ரிக்ல 200 யூனிட்டுக்கு மேல பேட்டரி வெச்சு 492 மைல் வரைக்கும் காட்டறாங்க, அதுல பாதி போனாலும் 240 நிக்கும், ஆனா அந்த விலைக்கு ஊர்ல ஒரு பிளாட் வாங்கி போட்டுடலாம்.

பனிக்கரடி:
மினியாபொலிஸ். ஹூஸ்டன்காரருக்கு இது தேவையில்ல, இருந்தாலும் வடக்க இருந்து படிக்கறவங்களுக்கு. ஜனவரில மைனஸ் 20 ஃபாரன்ஹீட்ல என் லைட்னிங் பாதி ரேஞ்ச் தான். 2023 வரைக்கும் வந்ததுல ஹீட் பம்ப் (கம்மி கரண்ட்ல கேபின சூடாக்கற கருவி) கிடையாது, 2024ல தான் குடுத்தாங்க, குளிர் ஊர்ல பழசு வாங்கறவங்க இத பாத்து வாங்கணும். காலைல ப்ளக்ல இருக்கும்போதே கேபின் சூடாகற மாதிரி டைம் செட் பண்ணி வெச்சா கொஞ்சம் தேவலாம். பனில பிடிப்பு மட்டும் அவ்ளோ அருமை. அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்க, வீட்ல சார்ஜர் இல்லாதவங்க, தயவு செஞ்சு வேணாம். வெளிய வேகமா ஏத்தற சார்ஜர்ல விலை போட்டா பெட்ரோல் விலையே வந்துடுது, அப்புறம் எதுக்கு இந்த பாடு.

மாவு_மிஷின்_அக்கா:
தம்பி, நான் சின்ன அளவுல கேட்டரிங் பண்றேன், ஹூஸ்டன் தான். போன வருஷம் எங்க வீட்டுக்காரர் லைட்னிங் வாங்கினப்ப நானும் உங்க வீட்டம்மா மாதிரி தான் கத்தினேன். இப்ப சாவி என்கிட்ட தான் இருக்கு. பொங்கல் விழாவ பார்க்ல வெச்சாங்க, அங்க கரண்ட் பாயிண்ட் கிடையாது. ட்ரக் பெட்ல கிரைண்டர வெச்சு வடைக்கு சுடச்சுட மாவாட்டினோம், அந்த பக்கம் மைக் செட், இந்த பக்கம் காபி மெஷின், எல்லாம் இந்த ஒரே வண்டில தான் ஓடுச்சு. ஜெனரேட்டர் சத்தம் இல்லாததால பசங்க திருக்குறள் சொன்னது காதுல விழுந்துச்சு, அதுக்கே ஒரு நன்றி சொல்லணும். எஞ்சின் இருக்க வேண்டிய முன்பக்கம் பூராவும் டிக்கி, 400 பவுண்ட் தாங்கும், அடில தண்ணி வடிய ஓட்டை வேற, ஐஸ் கொட்டி மோர் பாட்டில அதுல தான் போட்டு கொண்டு போறேன்.

குறையும் சொல்றேன். இந்தியன் ஸ்டோர் பார்க்கிங் லாட்ல ஞாயித்துக்கிழமை இந்த வண்டிய ஓட்டறது ஒரு தண்டனை. டெஸ்லாவோட சூப்பர்சார்ஜர்ல சார்ஜ் போடலாம், 2024ல இருந்து அடாப்டர் வெச்சு விடறாங்க, ஆனா வயர் குட்டை, நம்ம வண்டிக்கு ஓட்டை டிரைவர் பக்கம் முன்னாடி இருக்கு, எட்டணும்னா கோணலா நிறுத்தி ரெண்டு இடத்த அடைக்கணும், பின்னாடி நிக்கறவங்க முறைப்பாங்க. பெரிசா வேற ஒண்ணும் இல்ல. ஆமா, கராஜ அளந்தீங்களா?

மயிலாப்பூர்_மைனர்:
அண்ணே ஊர்ல டாட்டா ஏஸ் குட்டி யானை 2022லயே எலக்ட்ரிக்ல வந்துடுச்சு, தண்ணி கேன்ல இருந்து கல்யாண சீர் வரைக்கும் தூக்கும், அத ஒருத்தரும் ஆபீஸ் போறதுக்குன்னு வாங்கல. நீங்க யானையவே வாங்கி அதுல லேப்டாப் பேக் ஏத்திட்டு போறீங்க. நடத்துங்க 😂

கேட்டிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா சொன்னாங்களேன்னு இன்னைக்கு டேப் எடுத்துட்டு போய் கராஜ அளந்தேன். உள்ள 20 அடி. வண்டி 19 அடி 5 இன்ச். பின் செவுத்துல ரெண்டாவது ஃப்ரீசர் இருக்கு, அது ரெண்டு அடி. அதுல பூரா வீட்டம்மா ஊர்ல இருந்து கொண்டு வந்து சேத்து வெச்ச கருவாடு, தேங்கா துருவல், அரைச்ச மசாலா.

எலக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டாரு, பேனல்ல இடம் இருக்காம். டீலர்கிட்ட பேசினேன், பெட்ல 240 ப்ளக் இல்ல, நீங்க சொன்ன 2.4 தான். அதனால அந்த வண்டிய விட்டுட்டேன், அந்த ப்ளக்கோட லேரியட் ஏதாச்சும் 40 ஆயிரத்துக்குள்ள வருதான்னு பாத்துட்டு இருக்கேன், புயல்ல அம்மாவ வெச்சுட்டு இருந்தத படிச்சப்புறம் அது இல்லாம வாங்க மனசு வரல, எங்க மாமனார் மாமியாரும் மே மாசம் வர்றாங்க. பேட்டரிக்கு 8 வருஷம் இல்லேன்னா ஒரு லட்சம் மைல் வாரண்ட்டி இருக்குன்னு சொன்னப்புறம் வீட்டம்மா கொஞ்சம் இறங்கி வந்திருக்காங்க. கேம்பர் ஆசைய தள்ளி போட்டாச்சு, @ட்ரெய்லர்_தம்பி பொண்டாட்டி பேசாத இடத்தோட முடிவு பண்ணிட்டேன்.

இப்ப மிச்சம் இருக்கறது ஃப்ரீசர் வெளிய போகுமா, வண்டி வெளிய நிக்குமாங்கறது தான். மேவரிக் விலையும் கேட்டு வெச்சிருக்கேன் வாத்தியாரே, யார்கிட்டயும் சொல்லாதீங்க.

மாவு_மிஷின்_அக்கா:
ஃப்ரீசர்ல கை வெக்காத தம்பி.